மண்ணுக்குச் சோறு போட்ட மனிதர்



மறுநடவு செய்த ஒரு தோட்டத்துக்குச் சங்க வேலையாகப் போயிருந்தோம். பழைய பால் மரங்களைச் சாய்த்துவிட்டுப் புதுக் கன்று நட்டிருந்தார்கள். கன்று வரிசைகளுக்கு நடுவே தரை தெரியாமல் கொடி படர்ந்து கிடந்தது. சாப்பாட்டு நேரத்தில் ஒரு தங்கச்சி அந்தக் கொடி ஒன்றை வேரோடு பிடுங்கிக் கொண்டுவந்து காட்டினார். வேர் முழுக்க மிளகு அளவில் சின்னச் சின்ன உருண்டைகள். இது என்ன நோய் அண்ணே, கன்றுக்கும் ஒட்டிக்கொள்ளுமா என்று கேட்டார். பக்கத்தில் இருந்த பெரியவருக்கோ வேறு சந்தேகம். ஒரு பக்கம் புல்லை அழிக்க மருந்து அடிக்கச் சொல்கிறார்கள், இன்னொரு பக்கம் காசு கொடுத்து விதை வாங்கிக் கொடியை வளர்க்கச் சொல்கிறார்கள், இது என்ன கூத்து என்றார்.

நல்ல கேள்விகள். அந்த உருண்டை நோய் அல்ல. அது ஒரு சமையற்கட்டு. அதைப் புரிந்துகொள்ள ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்கிறோம். அவர் காற்றில் பறந்து வந்த மேதை அல்ல. அடிமையாகப் பிறந்தவர். துணி துவைத்துப் படித்தவர். செடி எப்படிச் சாப்பிடுகிறது என்ற அறிவை ஏழைக் குடியானவனின் குடிசை வாசலுக்குக் கொண்டுபோனவர். அமெரிக்க நாட்டின் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் என்பது அவர் பெயர். அவர் மறைந்து 80 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. ஆனாலும் மண்ணை நம்பிப் பிழைக்கிற நாம் அவரைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

விலைக்கு வாங்கப்பட்ட தாய்

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் டைமண்ட் என்ற ஊருக்குப் பக்கத்தில் மோசஸ் கார்வர் என்ற வெள்ளைக்காரக் குடியானவர் இருந்தார். 1855ஆம் ஆண்டில் அவர் மேரி என்ற கறுப்பினச் சிறுமியை 700 டாலர் கொடுத்து வாங்கினார். ஆமாம், வாங்கினார். ஆட்டையும் மாட்டையும் வாங்குவது போல, எழுதி, கையெழுத்துப் போட்டு வாங்கினார். அந்த மேரியின் மகன்தான் ஜார்ஜ். 1864 வாக்கில் பிறந்தார். அடிமை வீட்டுப் பிள்ளை பிறந்த நாளை எழுதி வைக்கும் வழக்கம் இல்லை. அதனால் அவருக்குப் பிறந்த நாள் கிடையாது. தகப்பனார் பக்கத்துப் பண்ணை ஒன்றில் அடிமையாக இருந்து, பிள்ளை முகம் பார்ப்பதற்கு முன்பே விபத்தில் இறந்துபோனார் என்பார்கள்.

அப்போது அமெரிக்காவில் உள்நாட்டுப் போர். குழந்தை கைப்பிள்ளையாக இருந்தபோது ஓர் இரவில் கொள்ளைக் கூட்டம் ஒன்று புகுந்து தாயையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அடிமைகளைத் திருடி வேறு மாநிலத்தில் விற்பது அந்தக் கூட்டத்தின் தொழில். மோசஸ் கார்வர் ஆள் வைத்துத் தேடினார். பிள்ளை மட்டும் கிடைத்தது. கக்குவான் இருமலில் சாகும் நிலையில் கிடைத்தது. தேடிக் கொண்டுவந்தவருக்குக் கூலியாக ஒரு குதிரை கொடுக்கப்பட்டது. தாய் கிடைக்கவே இல்லை. கடைசி வரைக்கும் அவர் என்ன ஆனார் என்று மகனுக்குத் தெரியாது.

1865இல் அமெரிக்காவில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. மோசஸும் அவர் மனைவி சூசனும் ஜார்ஜையும் அண்ணன் ஜிம்மையும் தங்கள் வீட்டிலேயே வளர்த்தார்கள். ஜார்ஜ் நோஞ்சான். வயல் வேலைக்கு உடம்பு தாங்காது. ஆகவே சூசனுக்குச் சமையலிலும் துவைப்பதிலும் தோட்டத்திலும் ஒத்தாசை செய்தார். மிச்ச நேரமெல்லாம் காட்டில்தான். வாடின செடியைப் பார்த்தால் விடமாட்டார். வெயில் போதவில்லையா, தண்ணீர் தேங்குகிறதா, வேரில் பூச்சியா என்று பார்த்து இடம் மாற்றி நட்டுப் பிழைக்க வைப்பார். சுற்று வட்டாரத்தில் அவருக்குச் செடி வைத்தியர் என்றே பெயர். எழுத்துத் தெரியாத வயதில் கிடைத்த பட்டம் அது.

துவைத்த துணியும் படித்த படிப்பும்

பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கறுப்புப் பிள்ளைகளுக்கு இடம் இல்லை. சுமார் 8 மைல் தள்ளி நியோஷோ என்ற ஊரில் ஒரு பள்ளி இருந்தது. பதினோரு பன்னிரண்டு வயதில் ஜார்ஜ் தனியாக நடந்தே அங்கே போய்ச் சேர்ந்தார். மரியா வாட்கின்ஸ் என்ற கறுப்பினத் தாய் அவரைச் சேர்த்துக்கொண்டார். அந்த அம்மா பேறுகாலம் பார்ப்பவர், துணி துவைத்துப் பிழைப்பவர். பையனிடம் பேர் கேட்டாராம். கார்வருடைய ஜார்ஜ் என்று சொன்னாராம் பையன். மாட்டுக்குச் சூடு போட்ட மாதிரி, இன்னாருடைய ஆள் என்றுதான் அவருக்குப் பேர் சொல்லத் தெரிந்திருந்தது. அந்த அம்மா அதைத் திருத்தினார். இனிமேல் நீ யாருடையவனும் இல்லை, உன் பேர் ஜார்ஜ் கார்வர் என்று சொல்லிக் கொடுத்தார். படித்ததை உன் மக்களுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றும் சொல்லி வைத்தார்.

தோழர்களே, துரை வீட்டு ஆள், இன்ன கங்காணி ஆள் என்று பேர் சொன்ன காலம் நம் பாட்டன் பூட்டன் காலத்திலும் இருந்தது. நம் குடும்பங்களில் பழைய ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆகையால் அந்த ஒரு திருத்தம் எவ்வளவு பெரியது என்று நமக்கு விளக்க வேண்டியதில்லை.

பிறகு கேன்சஸ் மாநிலம். ஊர் ஊராகப் போனார். சமையல் செய்தார், துணி துவைத்தார், கிடைத்த பள்ளியில் படித்தார். 1879இல் போர்ட் ஸ்காட் என்ற ஊரில் ஒரு கறுப்பரை வெள்ளைக் கும்பல் அடித்துக் கொன்றதைக் கண்ணால் பார்த்தார். அந்த ஊரை விட்டே போய்விட்டார். ஒரு கல்லூரிக்குத் தபாலில் மனுப் போட்டார். இடம் உண்டு என்று பதில் வந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரில் போய் நின்றார். தோலின் நிறத்தைப் பார்த்ததும் இடம் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். சில ஆண்டுகள் வறண்ட நிலத்தில் மண் கட்டியால் குடிசை கட்டிக்கொண்டு தானே உழுது பயிரிட்டுப் பார்த்தார்.

1890இல் அயோவா மாநிலத்தில் சிம்சன் கல்லூரி அவரை ஏற்றுக்கொண்டது. அங்கே அவர் படிக்கப் போனது ஓவியம். நன்றாகவே வரைந்தார். 1893இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் அவருடைய செடி ஓவியம் ஒன்று இடம் பெற்றது. ஆனால் இவர் வரைவது முழுக்கச் செடியாகவே இருப்பதைக் கவனித்த ஓவிய ஆசிரியை, விவசாயக் கல்லூரிக்குப் போகச் சொன்னார். 1891இல் ஏம்ஸ் நகரில் அயோவா விவசாயக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே படித்த முதல் கறுப்பின மாணவர் அவர்தான். ஆரம்பத்தில் மற்ற மாணவர்களோடு உட்கார்ந்து சாப்பிட விடவில்லை. வேலைக்காரர்களோடு கீழ்த்தளத்தில் சாப்பிட்டார். 1894இல் பட்டம், 1896இல் மேற்பட்டம். கல்லூரியிலேயே ஆசிரியராகவும் ஆனார்.

செடி என்ன சாப்பிடுகிறது?

இந்த இடத்தில் கதையைக் கொஞ்சம் நிறுத்துவோம். அவர் கல்லூரியில் படித்த பாடத்தின் சாரத்தை நாமும் தெரிந்துகொள்வோம்.

செடி மண்ணைத் தின்று வளர்கிறது என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். பெல்ஜியம் பக்கத்து அறிஞர் வான் ஹெல்மான்ட் என்பவர் 17ஆம் நூற்றாண்டிலேயே இதைச் சோதித்துப் பார்த்தார். 200 பவுண்டு காய்ந்த மண்ணைத் தொட்டியில் போட்டு, 5 பவுண்டு எடையுள்ள ஒரு மரக்கன்றை நட்டார். ஐந்து ஆண்டு தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டு ஆகிவிட்டது. மண்ணை மறுபடியும் காயவைத்து நிறுத்தார். இரண்டு அவுன்சுதான் குறைந்திருந்தது! தண்ணீரே மரமாகிவிட்டது என்று அவர் முடிவு கட்டினார். அது பாதிதான் சரி. மீதிப் பாதி காற்று. பச்சை இலை வெயிலில் மட்டுமே காற்றை மாற்றும் வேலையைச் செய்கிறது என்று 1779இல் இங்கன்ஹவுஸ் என்ற டச்சு மருத்துவர் காட்டினார்.

நம்ம அடுப்படிக் கணக்கில் சொன்னால், இலை ஒரு சமையற்கட்டு. வேர் கொண்டுவரும் தண்ணீரும், காற்றிலே இருக்கும் கரியமில வாயுவும்தான் அரிசி பருப்பு. வெயில்தான் விறகு. இலையின் பச்சைதான் அடுப்பு. வெந்து இறங்குவது சர்க்கரை. வெளியே போகும் புகைதான் நாம் மூச்சுக்கு இழுக்கும் பிராணவாயு. மரத்தின் கட்டை, இலை, காய், குலை எல்லாமே அந்தச் சர்க்கரையிலிருந்துதான் உண்டாகின்றன. உளி பட்டு வடிகிற பாலும் அந்தச் சர்க்கரையிலிருந்து பட்டைக்குள் உண்டாவதுதான். இலை கொட்டும் காலத்தில் பால் குறைவது ஏன் என்று இப்போது தெரிகிறதா? சமையற்கட்டே மூடிக் கிடக்கும்போது சோறு எங்கிருந்து வரும்?

அப்படியானால் மண் எதற்கு? சோறு மட்டும் தின்றால் போதுமா, உப்பு வேண்டாமா? மண்ணிலிருந்து செடி எடுப்பது கொஞ்சம்தான். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து, இன்னும் சில உப்புகள். ஆனால் அந்தக் கொஞ்சம் இல்லாவிட்டால் அடுப்பே எரியாது. குறிப்பாகத் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். அது குறைந்தால் பச்சை உண்டாகாது. இலை மஞ்சளாகிவிடும், செடி குறுகிப்போகும்.

இதிலே ஒரு வேடிக்கை. நம்மைச் சுற்றியுள்ள காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். செடி அதிலேயே குளித்துக்கொண்டு நிற்கிறது. ஆனால் ஒரு சொட்டுக்கூட நேராக எடுத்துக்கொள்ள அதற்கு வழி இல்லை. கடலுக்கு நடுவே தாகத்தோடு நிற்பவன் கதைதான்.

அந்த வழி தெரிந்தவை அவரை இனத்துச் செடிகள். காராமணி, பயற்றங்காய், துவரை, கச்சான் என்று நாம் சொல்லும் நிலக்கடலை எல்லாம் அந்த இனம். மண்ணில் உள்ள ஒரு வகை நுண்ணுயிர் இவற்றின் வேருக்குள் புகுந்து உருண்டை கட்டிக் குடியிருக்கிறது. காற்று நைட்ரஜனைப் பிடித்துச் செடி சாப்பிடும் பக்குவத்தில் மாற்றிக் கொடுக்கிறது. செடி அதற்குக் கூலியாக இலையில் சமைத்த சர்க்கரையைக் கொடுக்கிறது. யாரும் யாரையும் ஏமாற்றாத கணக்கு. 1880-களில் ஜெர்மனியில் ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்ற இருவர் இதைச் சோதனை செய்து நிரூபித்தார்கள். கார்வர் படிக்கப் போனபோது அது இன்னும் ஈரம் காயாத புதுப் பாடம்.

செத்த மண்ணும் கடன்பட்ட மக்களும்

தெற்கே அலபாமா மாநிலத்தில் டஸ்கிகி என்ற ஊரில் கறுப்பின மக்களுக்கென்று 1881இல் ஒரு கல்விக்கூடம் தொடங்கப்பட்டது. அதை நடத்தியவர் புக்கர் வாஷிங்டன். அவரும் அடிமையாகப் பிறந்தவரே. 1896இல் அவர் கார்வரைக் கூப்பிட்டார். வடக்கே வசதியான கல்லூரி வேலையை விட்டுவிட்டு கார்வர் போனார். மரியா அம்மா சொன்ன சொல்லை அவர் மறக்கவில்லை.

அங்கே போய் இறங்கியவர் கண்டது செத்த மண். எங்கே பார்த்தாலும் பருத்தி. ஆண்டுக்கு ஆண்டு அதே நிலத்தில் அதே பருத்தி. வீட்டு வாசல் வரைக்கும் பருத்தி, ஒரு கீரைப் பாத்தி கிடையாது. பருத்தி மண்ணின் தழைச்சத்தை உறிஞ்சிக்கொண்டே போனது. மூடாத தரையை மழை அரித்துக்கொண்டு போனது.

மண்ணைப் போலத்தான் மக்களும். அடிமைச் சங்கிலி அறுந்ததே தவிர நிலம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. வெள்ளை முதலாளியின் நிலத்தை வாரத்துக்கு எடுத்துப் பயிரிட்டார்கள். விதை, உரம், மாவு, உப்பு எல்லாம் கடன். முதலாளியே கணக்கு எழுதுவார். அறுவடை முடிந்து கணக்குப் பார்த்தால் குடியானவன் இன்னும் பாக்கிதான் வைத்திருப்பான். கடைப் பற்றுப் புத்தகம் என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். மண்ணிலிருந்து எடுத்துக்கொண்டே இருந்தார்கள், மனிதனிடமிருந்தும் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். இரண்டுக்கும் திருப்பிக் கொடுத்தவர் யாரும் இல்லை.

கார்வருக்கு ஆராய்ச்சிக்கூடம் இல்லை. மாணவர்களைக் கூட்டிக்கொண்டு குப்பைமேட்டுக்குப் போனார். பழைய போத்தல், உடைந்த பாத்திரம், கம்பி எல்லாம் பொறுக்கி வந்து அதிலேயே ஆராய்ச்சிக்கூடம் அமைத்தார். தேய்ந்துபோன நிலத்தில் சோதனை நடத்தினார். கடையில் விற்கும் உரத்தை வாங்க ஏழைக்கு வக்கு இல்லை என்று அவருக்குத் தெரியும். ஆகவே காட்டுச் சருகு, சதுப்பு நிலத்து மக்கிய சேறு, மாட்டுச் சாணம் ஆகியவற்றைக் குவித்து மக்க வைத்துப் போட்டார். பருத்திக்கு மாற்றாகக் காராமணி விதைத்தார், சர்க்கரைவள்ளிக் கிழங்கு நட்டார், பிறகு கச்சான் போட்டார். காராமணியும் கச்சானும் காற்றிலிருந்து தழைச்சத்தை இறக்கின. வேரும் இலையும் மண்ணோடு மக்கின. அடுத்துப் போட்ட பயிர் செழித்தது. கூடவே பட்டினி கிடந்த வீட்டுக்குப் பயறும் கிழங்கும் சாப்பாடாக வந்தன. மண்ணுக்கும் சோறு, மனிதனுக்கும் சோறு. இரண்டும் ஒரே வேலையில் முடிந்தது.

கோவேறு கழுதை வண்டியில் வந்த பள்ளிக்கூடம்

கண்டுபிடித்ததைப் பெரிய புத்தகத்தில் எழுதிப் படித்தவர்களுக்கு மட்டும் வைத்துவிட்டுப் போயிருந்தால் இன்று அவரைப் பற்றி நாம் எழுத மாட்டோம். 1898இலிருந்து சிறு சிறு வெளியீடுகளாக எழுதினார். மொத்தம் 44. பன்றிக்குக் காட்டுக் கொட்டை போட்டு வளர்ப்பது, காராமணி பயிரிடுவது, தேய்ந்த நிலத்தைத் தேற்றுவது, உள்ளூர்க் களிமண்ணில் வீட்டுக்கு வர்ணம் அடிப்பது என்று வீட்டுக்கு வேண்டிய சங்கதிகள். 1916இல் கச்சான் பயிரிடும் முறையோடு அதைச் சமைக்க 105 வழிகளையும் சேர்த்து எழுதினார். விளைந்ததை என்ன செய்வது என்று தெரியாவிட்டால் யார் விதைப்பார்?

எழுத்துத் தெரியாதவர்களுக்கு? அவர்களைத் தேடி அவரே போனார். வாரக் கடைசியில் வண்டி கட்டிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய்த் தேவாலய வாசலில் கூட்டம் கூட்டிச் செய்து காட்டினார். 1906இல் இதற்கென்றே ஒரு வண்டி தயாரானது. பணம் உதவியவர் பெயரால் அதை ஜெசப் வண்டி என்றார்கள். கோவேறு கழுதைகள் இழுத்த அந்த வண்டியில் கலப்பை, விதை, உரம், பால் கடையும் சாமான் எல்லாம் இருக்கும். குடியானவன் பள்ளிக்கூடத்துக்கு வர முடியாது, ஆகவே பள்ளிக்கூடம் வயலுக்கு வந்தது. தாமஸ் கேம்பல் என்ற கறுப்பின இளைஞர் அந்த வண்டியை ஓட்டிச் சென்று பாடம் நடத்தினார்.

அதற்குள் மெக்சிகோ பக்கமிருந்து பருத்திக்காய் வண்டு என்ற பூச்சி பரவி, 1910 வாக்கில் அலபாமாவுக்கும் வந்துவிட்டது. பருத்தி ஒன்றையே நம்பியவர்கள் ஓய்ந்து போனார்கள். பல ஊர்களில் கச்சானுக்கு மாறினார்கள். என்டர்பிரைஸ் என்ற ஊரில், தங்களைக் கச்சான் பயிருக்கு மாற்றிய அந்த வண்டுக்கே 1919இல் நினைவுச்சின்னம் வைத்தார்கள் என்றால் பாருங்களேன்!

1921இல் வெளிநாட்டுக் கச்சானுக்கு இறக்குமதி வரி போடும் விஷயமாக அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் பேச கார்வரை அனுப்பினார்கள். பத்து நிமிடம்தான் கொடுத்தார்கள். ஓர் உறுப்பினர் அவருடைய நிறத்தைக் குத்திக் கேலியும் பேசினார். கார்வர் கோபப்படவில்லை. கச்சானிலிருந்து செய்த பால், மாவு, சாயம் என்று ஒவ்வொன்றாக மேசை மேல் எடுத்து வைத்தார். கேட்டவர்கள் நேரத்தை நீட்டிக்கொண்டே போனார்கள். முடிவில் கை தட்டினார்கள். அந்த நாள் முதல் நாடு முழுக்க அவர் பேர் பரவியது.

கச்சான் வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் அவர் என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியல்ல. அது அவருக்கு முந்தியே இருந்தது. கச்சானுக்கு நூற்றுக்கணக்கான உபயோகம் சொன்னார் என்பது உண்மை. அவற்றில் பல கடைக்கு வந்து விற்கவில்லை என்பதும் உண்மை. அவருடைய பெருமை போத்தலில் இல்லை, மண்ணில் இருக்கிறது.

நாம் மறைக்கக் கூடாத ஒரு சங்கதி

அவர் சம்பள உயர்வு கேட்டதே இல்லை. பழைய கோட்டு, அதில் தினம் ஒரு பூ, அவ்வளவுதான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சேர்த்த பணம் முழுவதையும் 1940இல் தொடங்கிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கே எழுதி வைத்தார். 47 ஆண்டு டஸ்கிகியிலேயே இருந்து 1943 ஜனவரி 5ஆம் நாள் காலமானார். புக்கர் வாஷிங்டன் பக்கத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள். அதே ஆண்டில் அவர் பிறந்த பண்ணையை நாட்டின் நினைவிடமாக அமெரிக்க அரசு அறிவித்தது. விலைக்கு வாங்கப்பட்ட தாய் வாழ்ந்த இடம் அது.

சம்பள உயர்வு கேட்காத அந்த ஒரு குணத்தை மட்டும் தோழர்கள் பின்பற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். தனிக்கட்டைக்குச் சரி. பிள்ளை குட்டிக்காரனுக்கு ஆகாது.

வேடிக்கை போகட்டும். தொழிற்சங்கத்துக்காரர் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கார்வர் மண்ணைத் திருத்தச் சொன்னார். நிலக் கணக்கைத் திருத்தச் சொல்லவில்லை. காராமணி போடு என்றார். ஆனால் பருத்தி போடாவிட்டால் நிலத்தை விட்டு வெளியேறு என்று முதலாளி சொல்லும்போது குடியானவன் என்ன செய்வான்? மண்ணைத் தேற்றி விளைச்சலைக் கூட்டினாலும் கணக்குப் புத்தகம் முதலாளி கையில்தானே? 1931இல் அதே அலபாமாவில், டஸ்கிகிக்கு அடுத்த மாவட்டமான டாலபூசாவில், வாரக் குடியானவர்கள் சங்கம் கட்டினார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது, சங்கத்து ஆள் உயிர் விட்டார். அந்தப் போராட்டத்தில் கார்வர் குரல் கேட்கவில்லை. அரசியல் பக்கமே அவர் போனதில்லை.

அதற்காக அவரைக் குறைத்துச் சொல்லவில்லை. நிமிர்ந்து பேசிய கறுப்பனை மரத்தில் கட்டித் தொங்கவிட்ட காலம் அது. சிறு வயதிலேயே அதைக் கண்ணால் பார்த்தவர் அவர். அவர் தன் பங்கைச் செய்தார். அறிவை ஏழையின் கையில் வைத்தார். அந்தக் கைகளைச் சேர்த்துப் பிடிப்பது வேறு ஆட்களின் பங்கு. அறிவு இல்லாத சங்கம் கூச்சல் போடும். சங்கம் இல்லாத அறிவு விளைச்சலைக் கூட்டும், ஆனால் அந்த விளைச்சல் யார் வீட்டுக்குப் போகும் என்று அதற்குக் கேட்கத் தெரியாது. இரண்டும் வேண்டும்.

தங்கச்சிக்கும் பெரியவருக்கும் பதில்

இப்போது மறுநடவுக் காட்டுக்குத் திரும்புவோம். நம் நாட்டுத் தோட்டங்களுக்குக் கொடி வந்தது கார்வர் வழியாக அல்ல. ஆனால் பாடம் ஒன்றேதான். ஆரம்ப காலத்துத் துரைமார்கள் பால் மரத்துக்கு நடுவே ஒரு புல் இல்லாமல் சுத்தமாகச் செதுக்கச் சொன்னார்கள். நம் பெரியவர்கள் முதுகு ஒடியச் செதுக்கினார்கள். மலையாளக் கரை மழை போல இங்கே கொட்டுகிற மழையில் மேல்மண் எல்லாம் ஆற்றுக்குப் போனது. பிறகுதான் அவரை இனக் கொடியை விதைத்துத் தரையை மூடும் வழக்கம் பரவியது. 1925இல் அமைந்த ரப்பர் ஆராய்ச்சிக் கழகமும் அதை ஆராய்ந்து ஆதரித்தது. பியூரேரியா, சென்ட்ரோசீமா, கலப்பகோனியம் என்று அவற்றுக்குப் பேர். செம்பனைத் தோட்டங்களில் இப்போது பரவலாகக் காணும் மியூக்குனா என்பது நம்ம பூனைக்காலி இனம். அது இந்தியாவிலிருந்து வந்த கொடி.

ஆகவே பெரியவரே, அது களை அல்ல. புல் மண்ணிலிருந்து எடுக்கும். கொடி காற்றிலிருந்து எடுத்து மண்ணுக்குக் கொடுக்கும், மண்ணையும் பிடித்து வைக்கும். கன்று வளர்ந்து நிழல் கட்டியதும் கொடி தானே மடிந்து உரமாகும். தங்கச்சி, வேரில் நீங்கள் பார்த்தது நோய் அல்ல. அந்த உருண்டை ஒன்றை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் வேலை நின்றுவிட்டது.

லயத்துக்குப் பின்னால் ஒரு பாத்தி இடம் இருப்பவர்கள் இதைச் செய்யலாம். மிளகாயோ கீரையோ போட்ட இடத்தில் அடுத்த முறை பயற்றங்காயோ கச்சானோ போடுங்கள். பயற்றங்காய்ச் செடி காய்த்து ஓய்ந்ததும் வேரோடு பிடுங்கி எறியாதீர்கள். தண்டை மட்டும் அடியோடு வெட்டி அங்கேயே போட்டு, வேரை மண்ணிலேயே மக்க விடுங்கள். சருகைக் கொளுத்தாதீர்கள், பாத்திக்குப் போடுங்கள். அடுத்துப் போடும் கீரை பச்சைப்பசேல் என்று வரும். பிள்ளைகளை வைத்துச் செய்யுங்கள். பள்ளிக்கூடத்து அறிவியல் பாடம் வீட்டு வாசலிலேயே நடக்கும். மரியா அம்மா ஒரு பையனுக்குப் பேர் கொடுத்தார், அந்தப் பையன் ஒரு மாநிலத்து மண்ணுக்கே உயிர் கொடுத்தார். நம் லயத்து வாசலில் வேரைக் கிள்ளிப் பார்க்கும் பிள்ளை நாளைக்கு என்ன ஆகும் என்று யார் கண்டது?

எடுத்துக்கொண்டே இருந்தால் மண்ணும் சாகும், மனிதனும் சாவான். எடுத்ததைத் திருப்பிக் கொடு என்பது மண்ணின் சட்டம். அந்தச் சட்டத்தைத்தான் நாமும் சம்பளப் பேச்சு மேசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம்.